எட்டு என்றால் நல்லது என்று நினைத்தேன்

இரண்டு வருடத்துக்கு முன், தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் இரவு, மொரிஷியஸின் எபேனில் ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி 550 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு ரவுட்டரை என் கையாலேயே துண்டித்துவிட்டேன். கேபிள் அறுபடவில்லை, மின்சாரம் போகவில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான். அதைப் பற்றி எழுது எழுது என்று கூட வேலை பார்க்கும் பையன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் கதைக்கு முன்னால் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் கதையில் வரும் எட்டும் ஒன்பதும் புரியாது.

நான் ஊரை விட்டு மொரிஷியஸ் வந்து பதினோரு வருடம் ஆகிறது. வேலை முழுக்க தூரத்துப் பெட்டிகளோடுதான், அதாவது ரவுட்டர்களோடுதான். வாடிக்கையாளர்களின் கிளைகள் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, சிலருக்கு ரொட்ரிக்ஸ் தீவிலும் இருக்கிறது. 2019இல் மொரிஷியஸுக்கும் ரொட்ரிக்ஸுக்கும் நடுவே கடலடி ஃபைபர் வந்தது. அதற்கு முன்னால் அங்கே எல்லாம் சாட்டிலைட்தான். இப்போது வேகம் பரவாயில்லை, ஆனால் பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் விமானத்தில் போக வேண்டும், அதுவும் இடம் கிடைத்தால், புயல் இல்லாவிட்டால். ஆகவே எதையும் இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும், இங்கிருந்தே மாற்ற வேண்டும்.

அதற்கு நாங்கள் பல வருடமாக நம்பியிருப்பது எஸ்என்எம்பி, தூரத்திலிருந்து பெட்டிகளை விசாரிக்கும் ஒரு முறை. ரவுட்டருக்குள்ளே ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருக்கும், யுடிபி வழியாக 161ஆம் போர்ட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும், தானாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் 162க்கு ட்ராப் என்ற செய்தி அனுப்பும். கேட்கிற கேள்வி வார்த்தையில் இருக்காது, எண்ணில் இருக்கும். ரவுட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு சங்கதியும் ஒரு பெரிய மரத்தில் ஒரு இலை, அந்த இலைக்கு வேரிலிருந்து போகும் வழிதான் அதன் பெயர். எந்தக் கிளையில் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன மதிப்பெல்லாம் வரலாம் என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணைக்குப் பெயர் எம்ஐபி. ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைகளில் ஓஎஸ்பிஎஃப்புக்கு ஒன்று உண்டு, பிஜிபிக்கு ஒன்று உண்டு.

உதாரணத்துக்கு என் பக்கத்து ரவுட்டரிடம் 1.3.6.1.2.1.14.10.1.6.10.20.0.2.0 என்று கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் யாரோ தூக்கத்தில் கீபோர்டில் கை வைத்த மாதிரி இருக்கும். ஆனால் 1.3.6.1 வரை இன்டர்நெட்டின் வேர், அடுத்த 2.1 பொதுவான எம்ஐபி, 14 என்றால் ஓஎஸ்பிஎஃப், 10 அண்டை ரவுட்டர்களின் பட்டியல், 1 அந்தப் பட்டியலில் ஒரு வரி, 6 அந்த வரியில் நிலை என்ற கட்டம். மிச்சம் இருக்கும் 10.20.0.2 அந்த அண்டை ரவுட்டரின் ஐபி முகவரியேதான், கடைசி சுழி முகவரி இல்லாத இணைப்புகளுக்காக வைத்த இடம். இதற்குப் பதில் 8 என்று வந்தால் இரண்டு ரவுட்டரும் முழுசாகக் கைகோத்திருக்கின்றன என்று அர்த்தம். 1 என்றால் ஆளே காணோம். நடுவில் 3, 4, 5 என்று வருவதெல்லாம் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்கு. என் வேலையில் தினமும் நூறு தடவை பார்க்கும் எண் இந்த எட்டு. எட்டைப் பார்த்தால் மனசு லேசாகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஜிபிக்கு நல்ல எண் 6. அதில் 3 என்று வந்தால் ஆக்டிவ் என்று பெயர், புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்து "ஆக்டிவா இருக்கு சார்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆக்டிவ் என்றால் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை, முட்டி மோதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெயர் வைத்தவரைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை, கெட்நெக்ஸ்ட் என்று ஒரு கேள்வி இருக்கிறது, "இதற்கு அடுத்தது எது" என்று கேட்டுக் கேட்டே மரம் முழுக்க நடந்து முடித்துவிடலாம். அதற்கு எல்லா எண்ணும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், 9க்குப் பிறகு 10, அதற்குப் பிறகு 11. சில மட்டமான ஏஜென்ட்கள் வரிசையைக் குளறுபடி செய்து, முன்னால் சொன்னதையே திரும்பச் சொல்லும், நம் புரோகிராம் செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றும். வரிசைதானே, என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஊர் ரூபாய் நோட்டுக் கதை. மொரிஷியஸ் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுத்து இருக்கும். 1998இல் வந்த புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டுவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் விடவில்லை, பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று பழைய வரிசையிலேயே அச்சடித்தார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

படிப்பதில் ஆபத்து குறைவு. எழுதுவதில்தான் வினை. சில இலைகளுக்குப் படிக்க மட்டும் அனுமதி, சிலவற்றில் செட் என்ற கட்டளையால் புது மதிப்பு எழுதலாம். ஓஎஸ்பிஎஃப் எம்ஐபியில் எழுதக்கூடிய இலைகள் நிறைய. ஒரு இணைப்பின் காஸ்ட்டை, அதாவது அந்த வழிக்கு வைத்த விலையைக் கூட்டிப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பலாம், ஹலோ, அதாவது அண்டைக்கு அனுப்பும் "நான் இருக்கிறேன்" என்ற செய்தி, எத்தனை நொடிக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று மாற்றலாம், ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப்பையே நிறுத்தலாம். பிஜிபியில் ஒரு அண்டைக்கு 1 என்று எழுதினால் நின்றுவிடும், 2 என்று எழுதினால் திரும்பக் கிளம்பும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த ரவுட்டருக்குப் போய்ச் சேர்ந்ததே அந்த பிஜிபி காட்டிய வழியில் என்றால், 1 எழுதியபின் 2 எழுத எந்த வழியாகப் போவீர்கள்? நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற கதைதான்.

இந்தச் சங்கடம் புதிதல்ல. எஸ்என்எம்பியின் முதல் பதிப்பு ஆர்எஃப்சி 1157 என்ற இணைய விதி ஆவணமாக 1990இல் தரமானபோது கடவுச்சொல் என்று இருந்தது கம்யூனிட்டி என்ற ஒரு சொல், அதுவும் கம்பியில் மூடாக்கு இல்லாமல் அப்படியே போகும். இப்படிப்பட்ட வழியில் யார் ரவுட்டரை மாற்றத் துணிவார்கள்? ஒழுங்கான பூட்டுச் சாவியோடு மூன்றாம் பதிப்பு தரமாக நிலைத்தது 2002 டிசம்பரில். அதற்குள் உலகம் முழுக்க ஆட்கள் எஸ்என்எம்பியைப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, மாற்றுவதற்கு லாகின் செய்து கட்டளை அடிக்கப் பழகிவிட்டார்கள். நானும் அப்படித்தான். அன்று மட்டும் ஏன் செட் போட்டேன் என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சோம்பேறித்தனம். ரொட்ரிக்ஸ் பெட்டி பழசு. என் லேப்டாப் புதுசு. அதிலிருந்த புது எஸ்எஸ்எச், லாகின் செய்ய உதவும் புரோகிராம், அந்தப் பெட்டியின் பழைய சாவி மாற்றும் முறையை ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் சரிக்கட்ட இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். எஸ்என்எம்பி எழுத்து அனுமதி கையில் இருந்தது, ஒரே கட்டளை, முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

வேலை இதுதான். ரொட்ரிக்ஸின் போர்ட் மாத்துரினில் இருக்கும் அந்தக் கிளைக்கு அடுத்த வாரம் சாட்டிலைட்டில் ஒரு துணைப்பாதை வரப்போகிறது. ஃபைபர் பாதை விழுந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் என் ரவுட்டரின் முனை அப் என்றுதான் காட்டும், ஏனென்றால் அது பேசிக்கொண்டிருப்பது அறைக்குள்ளேயே இருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுவிட்சோடு. ஆகவே ஹலோதான் நாடி. வழக்கமாக பத்து நொடிக்கு ஒரு ஹலோ, நாற்பது நொடி ஹலோ வராவிட்டால் எதிர்ப்பக்கம் செத்தது என்று கணக்கு. அதை ஐந்துக்கும் இருபதுக்கும் குறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் இந்த இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் உறவே கொண்டாடாது, வருகிற ஹலோவைக் கீழே போட்டுவிடும்.

அதனால் முறை என்னவென்றால், தூரத்துப் பெட்டியை முதலில் மாற்ற வேண்டும், உறவு அறும், பிறகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்டியை மாற்ற வேண்டும், உறவு ஒட்டிக்கொள்ளும். முப்பது நாற்பது நொடி இடைவெளி, விடுமுறைக்கு முந்தின இரவு, யாரும் கவனிக்கப் போவதில்லை. தூரத்துப் பெட்டியில் 14.7.1.9 என்ற இலையில், அதாவது ஹலோ இடைவெளியில், 5 என்று எழுதினேன். பிழை இல்லை என்று பதில் வந்தது. பக்கத்துப் பெட்டியில் லாகின் செய்து ஹலோ 5 என்று அடித்தேன். காபி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அண்டைப் பட்டியலில் எட்டு இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். பட்டியலே காலி.

அந்த நேரத்தில் மனிதன் புத்தி எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். தூரத்துப் பெட்டியில் என்ன நடந்திருக்கும், தூரத்துப் பெட்டி ரீபூட் ஆகியிருக்குமா, தூரத்துப் பெட்டியின் ஏஜென்ட் மண்டையைப் போட்டிருக்குமா என்று முழுக்க அந்தப் பக்கமே ஓடும். செட் போட்டது ஓடுகிற அமைப்பில் மட்டும்தான், சேமிக்கவில்லை, ஆகவே யாராவது பெட்டியை அணைத்துப் போட்டால் பழைய எண் திரும்பிவிடும் என்று தோன்றியது. ரொட்ரிக்ஸ் கிளையின் காவலாளியைப் போனில் எழுப்பினேன். நல்ல மனுஷன், திட்டவில்லை, கிரியோலில் பொறுமையாகச் சொன்னார்: அறைச் சாவி மேலாளரிடம் இருக்கிறது, மேலாளர் விடுமுறைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். எங்கே என்று கேட்டேன். மொரிஷியஸுக்கு. அதாவது சாவி என் தீவில், பூட்டு அவர் தீவில். அதற்கு மேல், ரொட்ரிக்ஸுக்கு அன்று மாலைதான் புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்புக்கு உயர்ந்திருந்தது. மூன்றாகிவிட்டால் அங்கே யாரும் வெளியே வர மாட்டார்கள், காலை விமானத்தை நம்பவும் முடியாது.

வீட்டிலிருந்து போன். "காலையில நாலு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பணும், ஞாபகம் இருக்கா?" இருக்கிறது என்றேன். காவடிக்கு விரதம் வேறு, ஒரு மாதிரி தலைசுற்றல். இந்த ஊர்க்காரப் பையன் ஒருவன் அன்று ஷிஃப்டில் இருந்தான், வீட்டிலிருந்து ஆன்லைனில் வந்தான். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான் அவனுக்கு, என்னிடம் மட்டும் பேசுவான், மிச்சமெல்லாம் கிரியோல்.

"அண்ணே, ட்ராப் பார்த்தீங்களா?" என்றான்.

பார்த்தேன் என்றேன். பார்த்தது நிஜம். எங்கள் பக்கத்து ரவுட்டர் மேலாண்மை சர்வருக்கு ட்ராப் அனுப்பிக்கொண்டே இருந்தது. எங்கள் சர்வரில் ஓஎஸ்பிஎஃப் ட்ராப்புக்கான எம்ஐபி கோப்பை யாரும் ஏற்றி வைக்கவில்லை, அதனால் வார்த்தையில் எதுவும் வராது, வெறும் எண். 1.3.6.1.2.1.14.16.1.2.0, மதிப்பு 8. திரும்ப 8. திரும்ப 8. எட்டைப் பார்த்ததும் கண் பழக்கத்தில் "சரி, நன்றாகத்தான் இருக்கிறது" என்று தாண்டிப் போயிருக்கிறது. தினமும் நூறு தடவை பார்க்கிற எட்டு அல்லவா.

"அது அண்டை நிலைமையோட எட்டு இல்லண்ணே, வேற டேபிள்" என்றான். "அப்புறம் கொஞ்சம் கீழ போங்க, ஒன்பது ஆகுது."

கீழே போனேன். பத்து முப்பத்தாறு வரை எட்டு. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்பது. பத்து முப்பத்தாறு என்பது நான் பக்கத்துப் பெட்டியில் கட்டளை அடித்த நிமிடம்.

ஆர்எஃப்சி 4750ஐத் திறந்து தேடினோம், ஓஎஸ்பிஎஃப் எம்ஐபியின் இப்போதைய வடிவம் அது, 2006இல் வந்தது. 14.16.1.2 என்பது அமைப்புப் பிழையின் வகை. அந்தப் பட்டியலில் 8 என்றால் ஹலோ இடைவெளி பொருந்தவில்லை. 9 என்றால் டெட் இடைவெளி, அதாவது எதிர்ப்பக்கம் செத்தது என்று முடிவு கட்டும் நேரம், பொருந்தவில்லை.

படித்த நொடியில் புரிந்துவிட்டது, எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டேன். பல ரவுட்டர்களில் கட்டளை வழியாக ஹலோவை மாற்றினால், டெட் இடைவெளியும் தானாகவே அதன் நாலு மடங்காக மாறிவிடும். இத்தனை வருடமாக அப்படியே பழகியதால் டெட் என்று தனியாக ஒன்று இருப்பதையே கை மறந்துவிட்டது. எம்ஐபியில் அப்படி இல்லை. ஹலோ ஒரு இலை, 14.7.1.9. டெட் வேறு இலை, 14.7.1.10. நான் தொட்டது ஒன்பதை மட்டும். ரொட்ரிக்ஸ் பெட்டி சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது: ஹலோ 5, டெட் அதே பழைய 40. இங்கே கட்டளை அடித்த பெட்டியில் ஹலோ 5, டெட் 20. ரொட்ரிக்ஸிலிருந்து ஐந்து நொடிக்கு ஒரு ஹலோ ஒழுங்காக வந்துகொண்டேதான் இருந்தது, அதில் 40 என்று எழுதியும் இருந்தது, இங்கே இருக்கும் பெட்டி அதை வாங்கிப் பார்த்து, 20 இல்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, எனக்கு 9 என்று சொல்லிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரமாக. ஒரு கடலைத் தாண்டி என்ன நடக்கிறது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, பதில் பத்தடி தூரத்தில் இருந்தது.

பக்கத்துப் பெட்டியில் டெட் 40 என்று அடித்தேன். சில நொடியில் பட்டியலில் அண்டை தலைகாட்டியது, 3, கொஞ்ச நேரத்தில் 5, அப்புறம் 8. சரியான எட்டு.

மறுநாள் கோயிலில் வாழையிலையில் ஏழு கறி சாப்பாட்டின்போது பையன் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தான், பரிமாறுகிறவரிடம் என்னைக் காட்டி "அண்ணனுக்கு எட்டாவது கறி வைங்க" என்றான். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் எட்டு. கடைத்தெருவில் காத்தோ பிமா வாங்கினால்கூட, நம் மசால்வடையேதான் அது, எட்டாகத்தான் வாங்கித் தருகிறான்.

அதற்கப்புறம் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஐபி கோப்புகள் எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றினோம், இப்போது 9 என்று வராது, என்ன பொருந்தவில்லை என்று எழுத்தில் வரும். ஒன்றுக்கொன்று தொடர்புள்ள இலைகளை ஒரே செட்டில் சேர்த்து அனுப்புகிறேன். ஒரு செட்டில் இருக்கும் எல்லாமே ஒரே நேரத்தில் நடந்த மாதிரி நடக்க வேண்டும், ஒன்று தவறினால் எதுவுமே நடக்கக் கூடாது என்பது எஸ்என்எம்பியின் விதி, அருமையான விதி, அன்று அதை நான் பயன்படுத்தவே இல்லை. செட்டுக்குப் பதில் வராவிட்டால் செட் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதில்லை, யுடிபியில் பதில் வழியில் தொலைந்திருக்கலாம், முதலில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி எழுதுவது.

புதுப் பெட்டிகளில் மாற்றம் செய்வதை முழுக்க நெட்கான்ஃபுக்கு, அமைப்பை மாற்றுவதற்கென்றே வந்த முறைக்கு, மாற்றிவிட்டேன். இணைய விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பும் 2014இல் எழுதக்கூடிய எம்ஐபிகளைப் புதிதாக உருவாக்க வேண்டாம், அமைப்பை மாற்ற நெட்கான்ஃபும் அதற்கான அட்டவணை மொழியான யாங்கும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று. மாற்றத்தைப் போட்டுவிட்டு "உறுதி செய்கிறேன்" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும், 600 நொடிக்குள் சொல்லாவிட்டால் பெட்டி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேரத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். என்னைப் போல் காபி எடுக்கப் போகிறவனுக்காகவே யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். எல்லாப் பெட்டியிலும் இந்த வசதி இருக்காது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பார்ப்பதற்கு இன்னும் எஸ்என்எம்பிதான், அதை விடுவதாக இல்லை. அந்த ஒன்பதை எனக்குச் சொன்னது அதுதானே.

சாட்டிலைட் துணைப்பாதை புயல் விலகியபின் வந்தது, வேலை செய்கிறது. வாடிக்கையாளர் கேட்ட இருபதை மட்டும் இன்றுவரை போடவில்லை. லேபில் இரண்டு பழைய பெட்டிகளை வைத்து நாலு தடவை ஒத்திகை பார்த்தாயிற்று, சரியாகத்தான் வருகிறது, இருந்தாலும் கை போக மாட்டேன் என்கிறது. ரொட்ரிக்ஸில் இன்னும் ஹலோ 5, டெட் 40.